சிறுபான்மை இனத்துக்கு நாடாளுமன்றத்தில் இடம் ஒதுக்கினால் போதுமா?

கேள்வி இதுதான்: ஒரு நாட்டில் பத்து, பதினைந்து சதவீதம் இருக்கும் சிறுபான்மை இனத்துக்கு நாடாளுமன்றத்தில் சில இடங்களை ஒதுக்கிவிட்டால் பிரதிநிதித்துவப் பிரச்சினை தீர்ந்துவிடுமா? எந்த நாடாவது இதை ஒழுங்காகச் செய்திருக்கிறதா?

ஒதுக்கினால் மட்டும் தீராது. ஒதுக்காமல் விட்டால் பெரும்பாலும் இன்னும் மோசம். எத்தனை இடம் என்ற எண்ணிக்கையில்தான் எல்லோருடைய கண்ணும் போகிறது. நான் முதலில் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்களை: அந்த இடத்துக்கு ஓட்டுப் போடுவது யார்? அந்த எம்.பி.யின் தயவு ஆட்சியில் இருப்பவர்களுக்குத் தேவைப்படுகிறதா? இந்த இரண்டில் ஒன்று சறுக்கினாலும், அவையில் ஆள் உட்கார்ந்திருப்பார், சமூகத்துக்குக் குரல் இருக்காது.

இதை விளக்க நியூசிலாந்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 150 ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஏற்பாடு, அதுவும் பல கோலங்களில் ஓடியிருக்கிறது.

1852இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நியூசிலாந்துக்குக் கொடுத்த அரசியலமைப்பில் 21 வயதான, சொத்துள்ள ஆண்களுக்கு வாக்குரிமை இருந்தது. இனம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரியரின் நிலம் குலத்துக்குப் பொதுவானது. தனி ஆள் பெயரில் பட்டா இல்லையென்றால் சொத்தும் இல்லை, ஓட்டும் இல்லை. 1860களில் நிலத்துக்காகப் போர் நடந்தது. அது ஓயாத நிலையில், 1867இல், டொனால்ட் மெக்லீன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் மாவோரியருக்கு நான்கு தொகுதிகளைக் கொடுத்தது. வடக்குத் தீவில் மூன்று, தெற்குத் தீவு முழுவதற்கும் ஒன்று. சொத்துத் தகுதி கிடையாது, 21 வயதான மாவோரி ஆண்கள் எல்லோரும் வாக்களிக்கலாம். அங்கே குடியேறிய வெள்ளைக்காரர்களில் ஏழை ஆண்களுக்கு இந்த உரிமை வந்தது 1879இல்தான். மாவோரியருக்கு அது 12 ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது.

கேட்கத் தாராளமாக இருக்கிறது இல்லையா? கணக்கைப் பாருங்கள். அப்போது வெள்ளையருக்கு 72 இடங்கள். மக்கள்தொகை விகிதப்படி மாவோரியருக்கு 14 முதல் 16 இடங்கள் வந்திருக்க வேண்டும். நான்கு இடம் கொடுத்து, அந்த நான்குக்குள் எல்லோரையும் அடக்கிவிட்டார்கள். குலத்து நிலங்கள் தனிப் பட்டாவாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. விட்டுவைத்தால் பட்டா வாங்கிய மாவோரியர் பொதுத் தொகுதிகளில் ஆயிரக்கணக்கில் வாக்காளராகி, சில இடங்களில் வெற்றி தோல்வியையே தீர்மானித்திருப்பார்கள். தனித் தொகுதி அதற்கு ஒரு வேலியாகவும் பயன்பட்டது. ஐந்து ஆண்டுக்குத்தான் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள், 1872இல் நீட்டினார்கள், 1876இல் காலவரையறையின்றி என்று ஆக்கினார்கள்.

நடைமுறையிலும் இரண்டாந்தரம்தான். வெள்ளையருக்கு 1870இலேயே ரகசிய வாக்கெடுப்பு வந்துவிட்டது. மாவோரித் தொகுதிகளில் அது வந்தது 1938 தேர்தலில். அதுவரை முதலில் கை தூக்கியும், பிறகு தேர்தல் அதிகாரியிடம் வாய் திறந்து சொல்லியும் வாக்களித்தார்கள். 1951 வரை அவர்களுக்குத் தேர்தல் நாளே வேறு. அந்த நான்கு என்ற எண்ணிக்கையோ 1990கள் வரை அசையவில்லை. நாடாளுமன்றம் 99 உறுப்பினர் வரை வளர்ந்தது, மாவோரி மக்கள்தொகையும் பல மடங்கு பெருகியது, இடம் மட்டும் அதே நான்கு.

சரி, இந்த நான்கு பேரால் ஒன்றுமே நடக்கவில்லையா என்றால், நடந்த காலமும் உண்டு. ராத்தனா என்ற மாவோரி சமய இயக்கம் 1930களில் அரசியலுக்கு வந்தது. அதன் நிறுவனர் 1936இல் தொழிற்கட்சிப் பிரதமர் மைக்கேல் சாவேஜைச் சந்தித்துக் கூட்டு வைத்தார். 1943க்குள் நான்கு தொகுதிகளும் ராத்தனா–தொழிற்கட்சிக் கூட்டணி கையில். 1946 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 42 இடம், தேசியக் கட்சிக்கு 38. அந்த 42இல் நான்கு மாவோரித் தொகுதிகள். அவற்றைக் கழித்தால் 38க்கு 38, ஆட்சியே இல்லை. அந்த ஆட்சியின் பிரதமர் பீட்டர் பிரேசர் மாவோரி விவகாரத் துறையைத் தானே வைத்துக்கொண்டார். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நான்கு ஓட்டு இல்லாவிட்டால் நாற்காலி இல்லை என்று தெரிந்த பிரதமர் அந்தத் துறையை வேறு யாரிடமும் விடமாட்டார்.

ஆனால் கையில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஓட்டுக்கு எந்தக் கட்சியும் விலை கொடுக்காது. ஐம்பது ஆண்டுகள் நான்கு தொகுதிகளும் தொழிற்கட்சிக்கே போயின. தேசியக் கட்சி அங்கே உழைத்துப் பயனில்லை என்று ஒதுங்கிக்கொண்டது, தொழிற்கட்சிக்கு உழைக்க வேண்டிய தேவையே இல்லை. மாவோரி விவகார அமைச்சராக இருந்த மாத்தியு ராட்டா வெறுத்துப்போய் 1979இல் கட்சியைவிட்டு விலகி, சொந்தக் கட்சி தொடங்கி, 1980 இடைத்தேர்தலில் நின்று தோற்றார். ஒதுக்கீட்டின் பலவீனம் என்று நான் சொல்வது இதைத்தான்: சொந்த இனத்தாரே ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள், இருந்தும் பெரிய கட்சியின் பட்டியில் கட்டிய மாடாகிவிடுகிறார் எம்.பி.

1986இல் தேர்தல் முறையை ஆராய்ந்த அரச ஆணையம் இதைச் சரியாகவே கண்டது. தனித் தொகுதி இருப்பதால் மற்ற எம்.பி.க்கள் மாவோரியரைத் தங்கள் பொறுப்பாகவே நினைப்பதில்லை என்றது. ஜெர்மனி பாணியில், ஆளுக்கு இரண்டு ஓட்டு (ஒன்று தொகுதிக்கு, ஒன்று கட்சிக்கு) உள்ள கலப்பு விகிதாசார முறையைப் பரிந்துரைத்தது. மாவோரித் தொகுதிகளை எடுத்துவிடலாம், பதிலுக்கு மாவோரிக் கட்சிகளுக்குக் குறைந்தபட்ச வாக்கு வரம்பைத் தள்ளுபடி செய்யலாம் என்றும் சொன்னது. காகிதத்தில் நேர்த்தியான யோசனை. மாவோரியர் ஒத்துக்கொள்ளவில்லை. எதற்காகக் கொடுத்திருந்தாலும், இத்தனை காலத்தில் அந்தத் தொகுதிகள் தங்களுடையவை ஆகிவிட்டன, தேர்தல் முறையை மாற்றுவதற்கு விலையாக அவற்றைத் தரமாட்டோம் என்று நின்றார்கள். 1993 சட்டம் இரண்டையும் வைத்துக்கொண்டது: கலப்பு விகிதாசாரமும் வந்தது, மாவோரித் தொகுதிகளும் தொடர்ந்தன.

அந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் விதம். மாவோரி வம்சாவளி உள்ள எவரும் மாவோரி வாக்காளர் பட்டியலில் பதியலாம், பொதுப் பட்டியலிலும் பதியலாம். அது அவரவர் விருப்பம். இந்தத் தேர்வு 1975 முதலே உண்டு. மாவோரிப் பட்டியலைத் தேர்ந்தெடுப்போரின் விகிதத்தை வைத்து ஒரு மக்கள்தொகைக் கணக்கு போடுகிறார்கள். தெற்குத் தீவின் ஒரு பொதுத் தொகுதிக்கு எத்தனை மக்களோ, அதே அளவால் வகுத்தால் வருவதுதான் மாவோரித் தொகுதிகளின் எண்ணிக்கை. 1996இல் 5 ஆனது, 1999இல் 6, 2002இல் 7. ஒரு சமூகம் தனக்கு எத்தனை தனித் தொகுதி வேண்டும் என்பதைத் தன் பதிவின் மூலமே கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஏற்பாடு வேறெங்கும் இருப்பதாக நான் பார்த்ததில்லை. பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் பொதுப் பட்டியலுக்கு மாறிவிடலாம், தொகுதிகள் தானாகக் கரையும். அப்படி நடக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். 1996இல் வின்ஸ்டன் பீட்டர்ஸின் நியூசிலாந்து பர்ஸ்ட் கட்சி ஐந்து மாவோரித் தொகுதிகளையும் பிடித்துக்கொண்டது. அந்தக் கட்சி தேசியக் கட்சியோடு கூட்டணி சேர்ந்ததும் 1999இல் ஆறையும் தொழிற்கட்சிக்கே திருப்பிக் கொடுத்தார்கள் வாக்காளர்கள். 2003இல் கடற்கரை நிலத்தில் தங்களுக்கு மரபுவழி உரிமை உண்டா என்று மாவோரியர் நீதிமன்றத்தில் வழக்காடலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தொழிற்கட்சி அரசு 2004இல் சட்டம் போட்டு அந்த வழியை அடைத்தது. தாரியானா துரியா என்ற எம்.பி. கட்சியைவிட்டு விலகி, மாவோரிக் கட்சியைத் தொடங்கி, இடைத்தேர்தலில் நின்று பெரும் வெற்றி பெற்றார். 2005இல் நான்கு தொகுதி, 2008இல் ஐந்து. இதில் வேடிக்கை, 2008 தேர்தலில் மாவோரித் தொகுதிகளை ஒழிப்போம் என்று சொல்லி நின்ற தேசியக் கட்சிதான் வென்று, மாவோரிக் கட்சியின் ஆதரவையும் பெற்றுக்கொண்டு ஆட்சி அமைத்தது. ஒழிப்புப் பேச்சைக் கிடப்பில் போட்டார்கள். 2011இல் அந்தக் கடற்கரைச் சட்டம் நீக்கப்பட்டு வேறு சட்டம் வந்தது. புதிய சட்டமும் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. தேசியக் கட்சியோடு ஒட்டியிருந்ததற்காக மாவோரிக் கட்சியையும் வாக்காளர்கள் தண்டித்தார்கள். 2017இல் ஏழு தொகுதிகளும் தொழிற்கட்சிக்குப் போய், மாவோரிக் கட்சி அவையிலிருந்தே துடைக்கப்பட்டது. 2023இல் மறுபடி ஏழில் ஆறு அதே கட்சிக்கு. 21 வயதான ஹானா ராவிட்டி மைபி-கிளார்க், வெளியுறவு அமைச்சராக இருந்த நனையா மஹுட்டாவைத் தோற்கடித்தார்.

இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து, மாவோரி வாக்காளர்களுக்கு நிலையான புத்தி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய ஐம்பது ஆண்டு நிலைத்தன்மைதான் அவர்களைக் கெடுத்தது. இப்போது இரண்டு மூன்று கட்சிகள் அந்தத் தொகுதிகளுக்குப் போட்டி போடுகின்றன. ஏமாற்றினால் அடுத்த தேர்தலில் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது.

இனி, எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு வருவோம். 2023 கணக்கெடுப்பில் மாவோரியர் 17.8 சதவீதம். அண்மைய நாடாளுமன்றங்களில் மாவோரி வம்சாவளி எம்.பி.க்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். தலையை மட்டும் எண்ணினால் பிரச்சினை முடிந்தது. ஆனால் வைத்தாங்கி ஒப்பந்தம் (1840இல் மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் செய்துகொண்டது, மாவோரி உரிமைகள் எல்லாம் நிற்பது அதன் மேல்தான்) பற்றி 2024இல் ஒரு மசோதா வந்தது. அந்த ஒப்பந்தத்துக்கு இத்தனை காலம் நீதிமன்றங்களும் அரசும் கொடுத்துவந்த விளக்கத்தை மாற்றி எழுத முயன்ற மசோதா. கொண்டுவந்தவர் ஆக்ட் கட்சித் தலைவர் டேவிட் சீமோர். அவரும் மாவோரி வம்சாவளிதான். எதிர்த்து அவைக்குள் மசோதா நகலைக் கிழித்து ஹாக்கா (மாவோரியரின் மரபு ஆட்டம்) ஆடிய மைபி-கிளார்க்கும் மாவோரி. மாவோரித் தொகுதிகளே வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு கேட்டு 2017இல் பிரசாரம் செய்த வின்ஸ்டன் பீட்டர்ஸும் மாவோரி. சீமோர் வெல்வது ஆக்லாந்தின் வசதியான எப்சம் தொகுதியில், அங்கே அவருக்கு ஓட்டுப் போடுவோரில் மாவோரியர் சொற்பம். மைபி-கிளார்க்குக்கு ஓட்டுப் போட்டவர்கள் மாவோரிப் பட்டியலில் உள்ளவர்கள். இருவரும் அவரவர் வாக்காளருக்கு நேர்மையாகத்தான் இருக்கிறார்கள். சீமோரைத் துரோகி என்று திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. அவர் மாவோரியரின் பிரதிநிதி அல்ல, மாவோரி வம்சாவளி உள்ள எப்சம் பிரதிநிதி.

2024 நவம்பரில் வெலிங்டன் ஊர்வலத்தில் சுமார் 42,000 பேர் திரண்டதாகக் காவல்துறை மதிப்பிட்டது. 2025 ஏப்ரலில் மசோதா 112க்கு 11 என்று தோற்றது. ஹாக்காவுக்காக ஜூனில் மைபி-கிளார்க்குக்கு ஏழு நாள், கட்சியின் இணைத் தலைவர்கள் இருவருக்கும் 21 நாள் அவையிலிருந்து இடைநீக்கம்.

இவ்வளவு வேர் விட்ட ஏற்பாட்டுக்கும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நியூசிலாந்துத் தேர்தல் சட்டத்தில் பொதுத் தொகுதிகள் சம்பந்தப்பட்ட முக்கியமான பிரிவுகளை மாற்ற நாடாளுமன்றத்தில் 75 சதவீத ஆதரவோ பொதுவாக்கெடுப்போ வேண்டும். மாவோரித் தொகுதிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சாதாரணப் பெரும்பான்மையில் ஒரே நாளில் எடுத்துவிடலாம்.

சிங்கப்பூர் இதற்கு நேர் எதிரான வழி. நம்மவர்கள் அங்கே இருப்பதால் பலருக்கும் மேலோட்டமாகத் தெரியும். 1988இல் குழுத் தொகுதி முறை வந்தது. ஒரு கட்சி மூன்று பேர் (இப்போது நான்கு அல்லது ஐந்து பேர்) கொண்ட அணியை நிறுத்த வேண்டும், அதில் ஒருவராவது மலாய், இந்தியர் அல்லது வேறு சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும், தொகுதி மக்கள் எல்லோரும் அணிக்கு மொத்தமாக ஓட்டுப் போடுவார்கள். வெற்றியும் தோல்வியும் மொத்தமாக. விட்டால் சீனப் பெரும்பான்மை வாக்காளர்கள் சீன வேட்பாளரையே தேர்ந்தெடுப்பார்கள் என்பது அரசு சொன்ன காரணம். ஆனால் 1981இலேயே ஆன்சன் இடைத்தேர்தலில் எதிர்க்கட்சியின் ஜே. பி. ஜெயரத்தினம் என்ற தமிழர் தனி ஆளாக நின்று வென்றிருந்தார். 1989இல் அரசு வீடமைப்புக் குடியிருப்புகளில் இன விகிதம் நிர்ணயித்தார்கள். எந்த வட்டாரத்திலும் ஒரு சிறுபான்மை இனம் பெரும்பான்மையாகச் சேர முடியாது. ஆகவே சாதாரணத் தொகுதி வழியாகச் சொந்த பலத்தில் வரும் வாய்ப்பும் போனது.

எண்ணிக்கை கட்டாயம் கிடைக்கிறது, அதை மறுக்கவில்லை. சிறுபான்மையினர் அமைச்சர்களாகவும் மூத்த தலைவர்களாகவும் வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த எம்.பி. யாருக்குக் கடமைப்பட்டவர்? தன்னை அணியில் சேர்த்த கட்சிக்கு. 2017இல் இது பளிச்சென்று தெரிந்தது. மார்சிலிங்–இயூ டீ குழுத் தொகுதியின் மலாய் உறுப்பினர் ஹலிமா யாக்கோப் அதிபர் தேர்தலுக்காக விலகினார். அணியில் சிறுபான்மையினர் எவரும் இல்லாமல் போயிற்று, இருந்தும் இடைத்தேர்தல் இல்லை. நடத்தியாக வேண்டும் என்று போட்ட வழக்கும் தள்ளுபடி. சிறுபான்மை உறுப்பினர் இல்லாமல் குழுத் தொகுதி நடக்கலாம் என்றால், அவர் எதற்காக அங்கே இருந்தார் என்று கேட்கத் தோன்றும்.

இந்த இடத்தில் பூனா ஒப்பந்தம் நினைவுக்கு வந்திருக்கும். அது இனத்தைப் பற்றியது அல்ல, சாதியைப் பற்றியது, ஆனாலும் கேள்வி ஒன்றே. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி அறிவித்தது, அதாவது அவர்களின் பிரதிநிதியை அவர்களே தேர்ந்தெடுப்பது. காந்தி உண்ணாவிரதம் இருந்தார், அம்பேத்கர் செப்டம்பரில் விட்டுக்கொடுத்தார். ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை கூடி 148 ஆனது, ஆனால் ஓட்டுப் போடுவது எல்லோரும் என்றானது. இன்று நம் ஊர் தனித் தொகுதிகளில் நடப்பது அதன் தொடர்ச்சிதான். இடம் கூடியது, தேர்ந்தெடுக்கும் கை மாறியது. நியூசிலாந்தும் சிங்கப்பூரும் நிற்கும் இரண்டு கரைகளும் அந்த ஒரே பேரத்தில் இருந்தன. இதற்கும் கீழே ஒரு படி உண்டு: நியமனம். மக்களவையில் ஆங்கிலோ-இந்தியருக்கு இருந்த இரண்டு நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிந்துபோனபோது பெரிய சலசலப்பே எழவில்லை. எந்த வாக்காளரும் அனுப்பாத உறுப்பினருக்காகத் தெருவில் இறங்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஐரோப்பாவில் பல வகை. ஸ்லோவேனியாவின் 90 இடங்களில் இத்தாலியருக்கு ஒன்று, ஹங்கேரியருக்கு ஒன்று. அந்தச் சமூகத்து வாக்காளருக்கு இரண்டு ஓட்டு, ஒன்று பொதுவாக, ஒன்று சமூகப் பிரதிநிதிக்கு. தங்கள் சமூக உரிமை மட்டும் சம்பந்தப்பட்ட சட்டம் என்றால் அந்த உறுப்பினர் சம்மதம் இல்லாமல் நிறைவேறாது. ஒரே ஒரு இடம், ஆனால் அதற்குள் ஒரு தடுப்பதிகாரம். பேர் பெற்ற பெரிய நாடுகளைவிட இது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. ருமேனியாவில் பதினெட்டு, பத்தொன்பது சிறு இனங்களுக்கு ஆளுக்கொரு உறுப்பினர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் எந்த அரசு வந்தாலும் அதன் பக்கம் சாய்வார்கள். உண்மையில் பேரம் பேசுவது, சலுகை எதுவும் இல்லாமல் வாக்கு வரம்பைத் தாண்டி வரும் ஹங்கேரியர் கட்சி. 1996 முதல் பல கூட்டணி அரசுகளில் அது இருந்திருக்கிறது. ஜெர்மனியில் டேனிஷ், பிரிசிய சிறுபான்மையினரின் கட்சிக்கு ஐந்து சதவீத வரம்பு பொருந்தாது, 2021இல் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒருவர் உள்ளே வந்தார். கொசோவோவில் 120இல் 20 இடம் சிறுபான்மையினருக்கு, அரசியலமைப்பைத் திருத்த அந்த உறுப்பினர்களிலும் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும். காகிதத்தில் உலகிலேயே பலமான ஏற்பாடுகளில் ஒன்று. ஆனால் செர்பியருக்கான பத்து இடங்களில் ஆதிக்கம் செலுத்துவது செர்பிய அரசின் ஆதரவு பெற்ற ஒரு கட்சி. கொசோவோ அரசோடு அதற்குச் சுமுகம் இல்லை.

இனி இலங்கை. கேள்வியில் பெயர் இல்லாவிட்டாலும், இதைத் தவிர்த்துவிட்டு இந்தத் தலைப்பில் தமிழில் எழுத முடியாது. ஒதுக்கீடு இல்லாமலே, தேர்தல் கணக்கு மட்டும் ஒரு சமூகத்தை எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை எடுத்தது. அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும், அவரே அமைச்சர். 1936இல் ஏழு குழுக்களிலும் சிங்கள உறுப்பினர் பெரும்பான்மையாகும்படி பங்கிட்டுக்கொண்டார்கள். ஏழு அமைச்சர்களும் சிங்களர். சபையில் தமிழ் உறுப்பினர்கள் இருந்தார்கள், ஆட்சிக்கு அவர்கள் தேவைப்படவில்லை. ஜி. ஜி. பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கு ஐம்பது (பாதி இடம் சிங்களருக்கு, பாதி மற்ற எல்லா இனங்களுக்கும்) கோரிக்கைக்கு வேகம் கொடுத்தது இந்த அனுபவம்.

அதைவிடக் கொடுமை மலையகத்தில் நடந்தது. சுதந்திரத்துக்கு முன் தொகுதி பிரித்தபோது 75,000 பேருக்கு ஓர் இடம், ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் இடம் என்று கணக்கு வைத்தார்கள். மலையகத் தமிழரான, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களையும் சேர்த்துத்தான் தலையை எண்ணினார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது, நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான். வேறு சில தொகுதிகளிலும் இடதுசாரிகளுக்கு அவர்கள் ஓட்டு கைகொடுத்தது. 1948இல் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. 1952 தேர்தலில் மலையகத் தமிழருக்கு ஓர் இடமும் இல்லை. ஆனால் தொகுதி எல்லைகள் அப்படியே இருந்தன. தோட்டங்களின் மக்கள்தொகையால் கிடைத்த இடங்களுக்கு, தோட்டத்துக்கு வெளியே இருந்த கண்டிச் சிங்கள வாக்காளர்கள் உறுப்பினரை அனுப்பினார்கள். எண்ணும்போது ஆள், ஓட்டுப் போடும்போது ஆளில்லை. இந்தச் சட்டங்களை ஒட்டி எழுந்த பிளவில்தான் செல்வநாயகம் பொன்னம்பலத்தைப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

பிறகு தொண்டமான் 1960இல் நியமன உறுப்பினராக அவைக்குள் வந்தார். 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியானது. முதல் இடம் காமினி திசாநாயக்க, இரண்டாவது அனுர பண்டாரநாயக்க, மூன்றாவது தொண்டமான். பல உறுப்பினர் தொகுதி என்ற சின்னத் தொழில்நுட்பம் மட்டும் இல்லாவிட்டால் அவர் வந்திருக்க வாய்ப்பு குறைவு. அதே தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடம் வென்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆனால் ஜெயவர்த்தன அரசுக்கு ஆறில் ஐந்து பங்கு இடங்கள் இருந்தன, இந்தப் பதினெட்டு பேரின் ஓட்டு எதற்கும் வேண்டியிருக்கவில்லை. 1983இல் ஆறாவது திருத்தம் பிரிவினைக்கு எதிராக உறுதிமொழி எடுக்கச் சொன்னது, எடுக்காமல் அவர்கள் இடத்தையே இழந்தார்கள். ஒற்றை ஆளாக அமைச்சரவையில் இருந்த தொண்டமான், 1986 ஜனவரியில் தோட்டங்களில் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் பிரார்த்தனைப் போராட்டம் நடத்த, நாடற்றோருக்குக் குடியுரிமை தரும் சட்டத்தை அதே ஆண்டில் பெற்றார். தேயிலைதான் அன்னியச் செலாவணி, அதைப் பறிக்கும் கைகள் அவர் பின்னால் இருந்தன. இந்தியாவின் அழுத்தமும் இதில் உண்டு என்பதால் முழுப் புகழையும் அவருக்குக் கொடுக்கமாட்டேன்.

இப்போது இருக்கும் மாவட்ட விகிதாசார முறை 1978 அரசியலமைப்பில் வந்தது, அதன்படி முதல் பொதுத் தேர்தல் 1989இல் நடந்தது. முதலில் மாவட்டத்தில் 12.5 சதவீதம் வாக்கு வேண்டும் என்று இருந்ததை 1988இல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் பிரேமதாசவிடம் பேசிப் பெற்றது என்பார்கள். ஏழரை சதவீத வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் கிழக்குக்கு வெளியே சிதறிக் கிடக்கும் முஸ்லிம்களுக்கும், நுவரெலியாவுக்கு வெளியே இருக்கும் மலையகத் தமிழருக்கும் கதவு திறந்தது அதனால்தான். 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. அந்த மூன்று பேரும் தமிழர்கள், தமிழர் ஓட்டிலேயே வந்தவர்கள், ஆகவே அவர்களைச் சீமோர் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் 159 பேர் கொண்ட ஆளும் கட்சிக்குள் மூன்று பேரின் பேச்சு எவ்வளவு எடுபடும் என்பது வேறு கேள்வி. 1946க்குப் பிந்தைய மாவோரி எம்.பி.க்களின் அனுபவம் எனக்கு அவ்வளவு நம்பிக்கை தரவில்லை.

ஒதுக்கீடு வேண்டுமா என்று விவாதிக்கிறவர்கள் தேர்தல் முறை மாற்றப் பேச்சைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்குக் கவலை. விருப்பு வாக்குச் சண்டையை (ஒரே கட்சி வேட்பாளர்கள் தமக்குள் மோதிக்கொள்வதை) ஒழிக்கிறோம், தொகுதிக்கொரு எம்.பி. வேண்டும் என்று கலப்பு முறை பற்றி இலங்கையில் அடிக்கடி பேசுகிறார்கள். கேட்க நியாயமாக இருக்கும். யாழ்ப்பாணம் போல ஒரே இடத்தில் சேர்ந்து வாழும் மக்களுக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. கொழும்பு, கண்டி, பதுளை, இரத்தினபுரி என்று சிதறியிருப்பவர்களுக்கு எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை வராது. 2017இல் மாகாண சபைகளுக்கு அப்படி ஒரு கலப்பு முறைச் சட்டம் நிறைவேறி, எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. முஸ்லிம், மலையகக் கட்சிகள் கடுமையாக எதிர்த்தன. ஆதரவாக ஓர் ஓட்டுகூட விழவில்லை, அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிராக வாக்களித்தார். புதிய எல்லையும் வரவில்லை, பழைய சட்டத்துக்கும் திரும்பவில்லை. 2014க்குப் பிறகு எந்த மாகாண சபைக்கும் தேர்தல் நடக்கவில்லை.